செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் கைவைப்பது சுவரில். தெருவில் சிமென்ட் மூட்டை வந்து இறங்கும். அந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

இவை கடைக்காசில் எழுந்த வீடுகள். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் ரங்கூன், மோல்மீன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போய், குடும்பத் தொழிற்பெயரான விலாசத்தின் பேரில் லேவாதேவிக் கடை, அதாவது வட்டிக்கடை, வைத்தார்கள். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனபின், நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுப்பதே பெருந்தொழிலானது. லாபம் ஊருக்கு வந்து முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள நடுக்கட்டு), இரண்டாங்கட்டு என்று வீடாக நீண்டது. தேக்கு பர்மாவிலிருந்தும் பளிங்கு இத்தாலியிலிருந்தும் வந்தன. 1930களின் மந்தமும் 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்தப் பணவரவை அறுத்தன. பெரிய வீடு கட்டுவது அதோடு ஏறக்குறைய நின்றுபோனது.

மரமும் பளிங்கும் கப்பலில் வந்தவை. சுவரோ நம் கொத்தனார்களின் கைவேலை. சுண்ணாம்பை நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, மாடு பூட்டிய கல்லுருளையில் மணலோடு அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் அதில் சேரும். அடிப்பூச்சு சொரசொரப்பாக இருக்கும். மேலே போகப்போகச் சலித்த சரக்கு, மெல்லிய பூச்சு. கடைசியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்பை இழுத்து, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். இன்றும் கைவைத்தால் குளிர்கிற சுவர்கள் அப்படி வந்தவைதான்.

சுண்ணாம்புச் சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுக்கும், இழுத்ததை முகத்தின் வழியே வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே சிக்கி, அந்தச் சிமென்ட் ஒட்டுக்கு மேலேயும் பக்கத்திலும் வழி தேடும். அங்கே உப்புப் பூத்து, நல்ல பழம்பூச்சைப் பொருக்காகத் தள்ளும். ஒட்டுப்போட்ட இடம் பார்க்க நன்றாக இருப்பதால், பழைய பூச்சுதான் மோசம் என்று அதையும் கொத்தி எடுத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் எமல்ஷன் பெயின்டும் இதே கெடுதலைத்தான் மெதுவாகச் செய்கிறது.

முதலில் தண்ணீர் வரும் வழியைப் பாருங்கள். நாட்டு ஓடு நகர்ந்திருக்கிறதா, வளவின் நான்கு மூலைத் தகரக் கால்வாய் துருப்பிடித்திருக்கிறதா, முற்றத்து மழைநீர்ச் சாக்கடை மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதை விட்டுவிட்டு எந்தப் பூச்சு பூசினாலும் வீண்.

பிறகு விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே வாருங்கள். பொத்தென்று கேட்கும் இடத்தை மட்டும் வெட்டுங்கள். கெட்டியாக இருப்பதைத் தொடவே வேண்டாம். செங்கல்லை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்றுமணல் என்று அடிப்பூச்சு கொடுங்கள். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதுவும் மெதுவாக. ஈரச்சாக்குத் தொங்கவிட்டு, வெயில் நேரே படாமல் காக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த பூச்சை ஏற்றினால் மயிரிழை வெடிப்பு விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடக்கூடாது; சித்திரை வெயிலும் ஆகாது. தை, மாசிதான் தோது.

இவ்வளவும் தெரிந்த குடும்பங்களிலும் வேலை நடக்காமல் போவதுண்டு. காரணம் பங்கு. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஆணின் குடும்பத்துக்கும், தனித்தனி. கூரையும் முற்றமும் முகப்பும் எல்லோருக்கும் பொது. ஒருவர் தம் அறையைப் பளபளப்பாக்குவார். தலைக்கு மேல் பொது ஓடு ஒழுகிக்கொண்டிருக்கும். நகரத்தாருக்குக் கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று புள்ளிவரி எழுதிப் பழக்கம் உண்டு. அதே கணக்கில், புள்ளிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று கூரைக்கும் வடிகாலுக்கும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். வசூலாகும் பணத்தில் முதல் செலவாக, ஆடி முடிவதற்குள் ஓடு மாற்றிச் சாக்கடையைத் தூர்வாரிவிட வேண்டும். சுவருக்கு அடுத்த தை வரை பொறுக்கலாம்.