370.15-க்கும் 581.7-க்கும் நடுவில்

"அப்படியானால் செடிகளைப் பற்றியவற்றை எடுத்துவிடட்டுமா, சார்?" என்று கேட்டார். "எடுத்துவிடுவது நல்லது, மேடம்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். அதற்கு முன் நான் கேட்டது ஒரே கேள்வி: "இதில் இருப்பதெல்லாம் ஒரே ஆள்தானா?" இந்த மூன்று வரிகளை எத்தனை முறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

கல்வியியல் துறையில் இணைப் பேராசிரியர் பணிக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். விண்ணப்பதாரர்களின் கட்டுரைப் பட்டியலைச் சரிபார்ப்பது நான் வேலை பார்க்கும் நூலகத்தின் பொறுப்பு. மொத்தம் 13 கட்டுரைகள். ஏழு கல்வி உளவியல்: தேர்வு அச்சம், தன்திறன் நம்பிக்கை, வாசிப்பு ஊக்கம் என்று. மீதி ஆறும் தாவரச் சூழலியல். கடற்கரையோர உலர் பசுமைமாறாக் காடுகளில் நாற்றுகளின் எண்ணிக்கை, கோயில் காடுகளில் உண்ணிச்செடியின் பரவல், இப்படி. நூலக அடுக்கில் முன்னது 370.15, பின்னது 581.7. நடுவில் எத்தனையோ அலமாரிகள். அதோடு, உளவியல் கட்டுரைகளில் பெயருக்கு முன்னால் ஒரு தலைப்பெழுத்து, தாவரக் கட்டுரைகளில் வேறொன்று.

என் சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தன் பெயரே கொண்ட வேறொருவரின் கட்டுரைகளைத் தன் கணக்கில் சேர்த்துக் கொடுத்திருந்தார். நான் அதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டேன். பிறகு தெரியவந்தபோது விளக்கம் எழுதிக் கொடுத்தது நான். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பெயரும் ஓர் எழுத்தும்தான். அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு தேடினால், தரவுத்தளம் நான்கு பேரை ஒரே ஆளாக்கிக் காட்டும். ஒரே ஆளை நான்காக உடைத்தும் காட்டும். ஓர் ஆய்வாளரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண் 2012-இலிருந்தே இருக்கிறது. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அதை எடுப்பதில்லை. இவரும் எடுத்திருக்கவில்லை. கட்டுரைகளைத் தானாகத் திரட்டிக் காட்டும் கூகுள் ஸ்காலர் பக்கத்தை அப்படியே அச்சிட்டு இணைத்திருந்தார்.

மதிப்பெண் கணக்கையும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி இணைப் பேராசிரியருக்குக் குறைந்தது ஏழு கட்டுரைகளும் 75 ஆய்வு மதிப்பெண்ணும் வேண்டும். கல்வியியல் கட்டுரைக்கு 10, அறிவியல் கட்டுரைக்கு 8. இருவருக்கு மேல் சேர்ந்து எழுதியிருந்தால் முதல் ஆசிரியருக்கு அதில் 70 விழுக்காடு, கூட எழுதியவருக்கு 30. அவருடைய உளவியல் கட்டுரைகளில் இரண்டு தனியாக எழுதியவை, ஐந்து முதல் ஆசிரியராக எழுதியவை. ஆக 55. தாவரக் கட்டுரைகள் ஆறையும் சேர்த்தால் 82.2. சேர்க்காவிட்டால் 55-தான்.

நான் சேர்க்கவில்லை. ஆறுக்கும் சேர்த்துப் பென்சிலால் ஒரே அடைப்புக்குறி போட்டு, "ஆசிரியர் அடையாளம் உறுதிப்படவில்லை, விண்ணப்பதாரர் விலக்கிக்கொண்டார்" என்று எழுதினேன். இரண்டாவது பகுதி உண்மை. அவரே கேட்டார், அவரே எடுத்தார். அன்று மாலை நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போனேன். இந்த முறை கவனமாக இருந்துவிட்டோம் என்ற நிம்மதி.

அடுத்த ஆண்டு ஆய்வுக்குழு வருகைக்காகப் பழைய கோப்புகளை அடுக்கியபோதுதான் அவருடைய முழு விண்ணப்பத்தைப் பார்த்தேன். எங்களுக்குப் பட்டியல் மட்டும்தான் வரும்; படிப்பு, ஊர், குடும்ப விவரங்கள் அலுவலகத்திலேயே இருக்கும். பாரபட்சம் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதை ஆதரித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். இரண்டாம் பக்கத்தில் எம்.எஸ்சி. தாவரவியல் இருந்தது. பிறகு பி.எட்., எம்.எட்., கல்வியியலில் முனைவர் பட்டம். தந்தை பெயர், கணவர் பெயர் என்று இரண்டு கட்டங்கள். தாவரக் கட்டுரைகளின் தலைப்பெழுத்து தந்தையுடையது. உளவியல் கட்டுரைகளின் தலைப்பெழுத்து கணவருடையது.

அந்தப் பக்கத்தை மூட எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திருமணத்துக்குப் பிறகு பெண்களின் தலைப்பெழுத்து மாறும் என்பது எனக்குத் தெரியாததா? என் மனைவியின் சான்றிதழ்களில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறு எழுத்து. அறிவியல் பாடம் படித்துவிட்டுக் கல்வியியலுக்கு வருவதும் அதிசயமில்லை. உயிரியல் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர உயிரியல் படித்தவர்தானே வேண்டும்? அதைவிட உறுத்துவது இன்னொன்று. என் மேசைக்கு வந்த பட்டியலிலேயே, நான் ஏற்றுக்கொண்ட ஏழு உளவியல் கட்டுரைகளில் ஒன்று, பள்ளி மாணவர்கள் உயிரியலில் தாவரப் பகுதியை ஏன் ஒதுக்குகிறார்கள் என்பதைப் பற்றியது. தலைப்பைப் படித்தேன், டிக் அடித்தேன், அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

பிறகு கொஞ்சம் படித்தேன். இரண்டு துறைகளும் நான் நினைத்த அளவுக்குத் தூரமில்லை. பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை வைத்து 1904-இல் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் தொடங்கிவைத்தது காரணிப் பகுப்பாய்வு, அதாவது பல அளவீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சில பொதுக் காரணிகளைத் தேடும் கணக்கு. அந்த முறையை 1954-இல் சூழலியலாளர் டேவிட் குடால் தாவரக் கூட்டங்களை ஆராய எடுத்துக்கொண்டார். ஜோசப் குருஸ்கல் 1964-இல் சைக்கோமெட்ரிகா என்ற உளவியல் அளவீட்டு இதழில் எழுதிய பல்பரிமாண அளவிடல் முறையைக் கொண்டுதான் சூழலியலாளர்கள் இன்றும் எந்தக் காட்டுத் துண்டு எதோடு ஒத்திருக்கிறது என்று படம் போடுகிறார்கள். மனிதர்கள் செடிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டே கவனிக்காமல் விடுவதற்கு, வாண்டர்சி, ஷஸ்லர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1999-இல் தாவரக் குருட்டுத்தன்மை என்று பெயர் கொடுத்தார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? செடியைப் படித்துவிட்டு, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வழியைத் தேடியவர்களிடமிருந்து. அவரும் அப்படி ஒருவராக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் எழுதும்போது தவறு முழுக்க என்னுடையது என்று தோன்றுகிறது. ஆனால் அப்படியும் முடித்துவிட முடியவில்லை. அந்த ஆறு கட்டுரைகளையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தேன். நான்கில் அவர் முதல் ஆசிரியர், முகவரி அவர் முதுகலை படித்த கல்லூரி, ஆண்டுகளும் பொருந்துகின்றன. மற்ற இரண்டும் பிந்தியவை. வடமாநில ஆய்வு நிறுவனம் ஒன்றின் முகவரி, நடுவில் எங்கோ பெயர். அந்த ஆண்டுகளில் இவர் கணவரின் தலைப்பெழுத்தோடு உளவியல் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார். அந்த இரண்டும் பெரும்பாலும் வேறொருவருடையவை. கூகுள் ஸ்காலர் பக்கம் தானாகச் சேர்த்திருக்கும், இவர் பார்க்காமல் அச்சிட்டிருப்பார். அப்படியென்றால் என் சந்தேகம் சரி. ஆனால் நான்கை மட்டும் சேர்த்தால்? நான்கு முறை 5.6, மொத்தம் 22.4. ஐம்பத்தைந்தோடு கூட்டினால் 77.4. எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

ஆறையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டதுதான் நான் செய்தது. வரிவரியாகப் பார்த்திருந்தால் அரை நாள் ஆகியிருக்கும். அந்த வாரம் மேசையில் கோப்புகள் குவிந்திருந்தன என்பது உண்மை. அரை நாள் கிடைத்திருக்காது என்பது உண்மையா என்று தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் அவருடைய அந்த வாக்கியம். "எடுத்துவிடட்டுமா, சார்?" அன்று அதை நான் ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டேன். தன்னுடையது என்றால் யாராவது இப்படி விட்டுக்கொடுப்பார்களா? இப்போது வேறு மாதிரியும் கேட்கிறது. பட்டியலை நான் அவர் பக்கம் திருப்பியபோது அந்த இரண்டு அன்னியக் கட்டுரைகளை அவர் முதல் முறையாகப் பார்த்திருக்கலாம். அவற்றைச் சொன்னால் மற்ற நான்கையும் நம்ப மாட்டார்கள் என்று பயந்திருக்கலாம். அல்லது, வெவ்வேறு மேசைகளில் இதே கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போயிருக்கலாம். என் கேள்வியே தப்பு. "இவை எந்தக் காலத்தில், எங்கே எழுதியவை, மேடம்?" என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். "ஒரே ஆள்தானா?" என்று கேட்டால் என்ன சொல்வார்?

பதிவாளர் அலுவலகத்தில் பேசிப் பார்த்தேன். தேர்வு முடிந்துவிட்டது, கோப்பு மூடியது என்றார்கள். என் குறிப்பில் பிழை இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்ததை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார்கள். அவருக்கு நான் எழுதவில்லை. எழுதினால் அவருக்கு என்ன பயன், அது என் பாரத்தை இறக்கிவைப்பதற்காக மட்டும்தானே என்று நினைத்தேன். அது நியாயமா, கோழைத்தனமா என்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை.

சென்ற ஆண்டு இன்னொரு பட்டியல் வந்தது. பொருளாதாரம் பாதி, மீன்வளம் பாதி. விளக்கம் கேட்கப் பேனாவை எடுத்தேன், கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஏற்றுக் கையெழுத்திட்டேன். அவருக்கு அன்று செய்யாததை இவருக்குச் செய்துவிட்டதாக அப்போது ஓர் எண்ணம். இரவில் எழுந்து உட்கார்ந்தபோது, அந்த மீன்வளக் கட்டுரைகளின் முகவரியை நான் பார்க்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக அந்தக் கோப்பைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். இந்த முறை வரிவரியாக.