வேக ஒப்பீடும் கத்தரி வெயிலும்

கத்தரி வெயில் தொடங்கிய வாரத்தில் தேவகோட்டையிலிருந்து என் அம்மான் மகன் காரைக்குடி வீட்டிற்கு வந்திருந்தபோது, நிரல் எழுதும் மொழிகளில் சி++ வேகமா, பைத்தான் வேகமா என்ற பழைய வழக்கை நாங்கள் மறுபடியும் எடுத்தோம். பேசித் தீராததால், பற்றுவரவு வரிகள் 12 இலட்சம் அடங்கிய ஒரு கோப்பைப் படித்து ஆள்வாரியாகக் கூட்டித் தரும் நிரலை அவன் சி++-இலும் நான் பைத்தானிலும் எழுதுவது என்று முடிவாயிற்று.

என் பைத்தான் நிரல்தான் முதலில் முடித்தது. நான் அன்று காட்டிய பெருமிதம் கொஞ்சநஞ்சமன்று. ஆனால் அது அரை மணி நேரமே நிலைத்தது. சி++ மொழியில் தரவை உள்வாங்கும் வழியான உள்ளீட்டு ஓடை இயல்பாகப் பழைய சி நூலகத்தின் உள்ளீட்டோடு ஒத்திசைந்து நடப்பதால் பெரிய கோப்புகளில் மந்தமாகிவிடும் என்பதும், அதை நிறுத்த ஒரே ஒரு வரி போதும் என்பதும் அவன் நினைவுக்கு வந்தன. அந்த வரியைச் சேர்த்து, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலருக்கு, வேகத்துக்காக நிரலைச் சீராக்கச் சொல்லும் ஓ2 என்ற உகப்பாக்கத் தெரிவையும் கொடுத்து ஓட்டியதும் நான் வெகு தூரம் பின்தங்கினேன்.

அவனுக்குத் திருத்த உரிமை உண்டென்றால் எனக்கும் உண்டு என்று, அட்டவணைத் தரவைக் கையாள்வதற்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பான பாண்டாஸ் நூலகத்தைக் கொண்டு நான் எழுதினேன். இடைவெளி பெரிதும் குறைந்தது. உடனே அவன், "அது பைத்தான் இல்லை மாப்பிள்ளை, உள்ளே ஓடுவது சி" என்றான். அவன் சொன்னது உண்மைதான். பாண்டாஸின் கோப்புப் படிப்பானும், அது சார்ந்திருக்கும் நம்பை என்ற எண் கணிப்பு நூலகத்தின் உட்பகுதியும் சி மொழியில் எழுதப்பட்டவை. ஆயினும் கணக்கெழுத உட்காருகிறவர் அந்த சி நிரலை எழுதுவதில்லை; அவர் எழுதுவது நான்கு வரி பைத்தான்தான். ஆகவே நூலகத்தையும் சேர்த்தே அளப்பதுதான் நியாயம் என்பது என் கட்சி. ஆனால் அப்படி அளந்த பிறகு, "பைத்தான் வேகமானது" என்று தலைப்பிட எனக்கு உரிமை இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நூலகம் இல்லாத வெறும் லூப்பில், அதாவது ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்றில், பைத்தான் பல மடங்கு பின்தங்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைக் காட்டப் பலர் கையாளும் சோதனையே கோணலானது. 1 முதல் 100 கோடி வரை கூட்டும் லூப்பை எழுதிவிட்டு விடையை எங்கும் பயன்படுத்தாமல் விட்டால், சி கம்பைலர் உகப்பாக்கத்தின்போது அந்த லூப்பையே நீக்கிவிடும்; விடையை அச்சிட்டாலும், கிளாங் என்ற சி கம்பைலர் அதைச் சுற்றாமலே விடை தரும் ஒரு பெருக்கல் சூத்திரமாக மாற்றிவிடும். பைத்தானோ 100 கோடி முறையும் சுற்றித்தான் வருகிறது. ஓடியவனை ஓடாதவனோடு ஒப்பிட்டு ஒரு வரைபடமும் போட்டுவிடுகிறார்கள். ஜாவா என்ற மொழிக்கு நேர்வது வேறு: ஓடத் தொடங்கிய பின்னரே அதன் ஜிட் கம்பைலர் அடிக்கடி வரும் பகுதிகளை இயந்திர மொழிக்கு மாற்றுவதால், ஒரு நொடியில் முடியும் சோதனை அதன் தயக்கத்தை மட்டுமே அளக்கும்.

என் சொந்தத் தவறு இவற்றினும் எளியது. மறுநாள் உச்சிவேளையில் பட்டாலையில் மடிக்கணினியை மெத்தை மேல் வைத்துக்கொண்டு, அவன் நிரலை முதலிலும் என்னுடையதை அடுத்தும் பலமுறை ஓட்டினேன். ஒரு சந்தேகத்தில் வரிசையை மாற்றியபோது இடைவெளியும் மாறியது. முதலில் ஓடுவது கோப்பை வட்டிலிருந்து படிக்கிறது. அடுத்தது நினைவகத்தில் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்கிறது. அதே நேரத்தில், சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைப்பதால், அடுத்து ஓடுவதற்கு நட்டமும் உண்டு. மெத்தையை எடுத்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வைத்ததும் நேரங்கள் மறுபடியும் மாறின. அவற்றில் எந்த எண்ணை நான் சபையில் வைப்பது?

இது என் அசட்டுத்தனம் மட்டுமன்று என்பது ஓர் ஆறுதல். இயங்குதளம் நிரல்களுக்குக் கொடுக்கும் அமைப்புக் குறிப்புகளான சூழல் மாறிகள் எத்தனை பைட் இடம் பிடிக்கின்றன என்பதே ஒரு நிரலின் வேகத்தை மாற்றிவிடலாம் என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உலாவியில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் வி8 இயந்திரத்தை உருவாக்கும் கூகுள் குழுவோ, உலாவிகள் சோதனைக்கென்றே செதுக்கப்படுகின்றன என்று கண்டு, ஆக்டேன் என்ற தன் வேகச் சோதனையை 2017-இல் தானே கைவிட்டது.

இப்போது எங்களுக்குள் ஓர் உடன்பாடு இருக்கிறது. விடியற்காலையில், தரையில் வைத்து, வரிசையை மாற்றி மாற்றிப் பத்து முறை ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நிரலையும் கம்பைலர் தெரிவுகளையும் ஒருவருக்கொருவர் மறைக்கக் கூடாது. பாண்டாஸை மட்டும் அவன் இன்னும் ஏற்கவில்லை.