ஆனைமேல் துஞ்சியவர்

'ஆனைமேல் துஞ்சிய தேவர்' என்று முதன்முதலில் படித்தபோது, யாரோ ஒரு ராஜா யானை மேலேயே அசந்து தூங்கிவிட்டார் போல என்றுதான் நினைத்தேன், சிரிப்பு வேறு. அப்புறம்தான் தெரிந்தது, அது சோழ இளவரசன் ராஜாதித்தன், 949இல் தக்கோலம் போரில் யானை மேல் இருந்தபடியே உயிர்விட்டவன். துஞ்சுதல் என்றால் தூங்குவதும்தான், சாவதும்தான். சுந்தர சோழருக்கு 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்' என்று பெயர். இறந்த இடமே அடைமொழி! ஆனால் 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' என்று கள்ளுண்ணாமையில் வள்ளுவர் சொல்லும்போது, அந்தத் துஞ்சினார் வெறுமனே தூங்குகிறவர், அவ்வளவுதான். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'இயற்கை எய்தினார்' பார்த்து அலுத்துவிட்டது, ஒருமுறை 'துஞ்சினார்' போட்டுப் பார்க்கலாம். என்ன, தெருவில் யாராவது எழுப்பப் போய்விடுவார்கள்.