வெட்டிய நாற்பது செக்கன்

ஆளுக்கு மூன்று நிமிடம் என்று முதலிலேயே பேசியிருந்தோம். ஜனவரி 29க்கான காணொளி. 2017இல் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்த கையோடு ஆறு பேரைச் சுட்டுக் கொன்ற நாள். 2021இலிருந்து கனடா அரசின் நினைவு நாள். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலும் தமிழ்ச் சங்கமும் சேர்ந்து எட்டுப் பேரின் கதைகளைப் பதிவுசெய்தோம். எடிட்டிங் என் பொறுப்பு.

பள்ளிவாசலிலிருந்து வந்த அக்கா ஒருவரின் பதிவு மூன்று நிமிடம் நாற்பது செக்கன். பஸ்ஸில் ஒருவன் முக்காட்டைப் பிடித்திழுத்து "உன் நாட்டுக்குப் போ" என்று கத்தியதைச் சொல்லி முடித்துவிட்டு, நான் கேட்காமலே யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். 1990 ஒக்டோபர் 30. புலிகள் முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் கூப்பிட்டது, இரண்டு மணித்தியாலத்தில் வெளிக்கிடச் சொன்னது, சோதனையில் தோட்டைக் கழற்றி வாங்கியது. அப்போது அவருக்கு 14 வயது. சொல்லும்போது கை தானாகக் காதுக்குப் போனது.

அந்த நாற்பது செக்கனை வெட்டினேன். தலைப்பு கனடாவில் இனவாதம், நேரமும் மூன்று நிமிடம். யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொருவருடைய பதிவு இருபது செக்கன் கூட ஓடியது. அதில் நான் கைவைக்கவில்லை.

காட்டி முடித்த அடுத்த நாள் அக்கா போன் எடுத்தார்.

"தம்பி, அந்தத் துண்டை ஏன் எடுத்தனீங்கள்?"

"நேரம் காணேல்லை அக்கா."

"ஓம், எங்களுக்கும் காணேல்லை."

கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து, "பஸ்ஸில சொன்னவனை எனக்குத் தெரியாது. அங்க சொன்ன பொடியள்ல ரெண்டு பேரைத் தெரியும்" என்றார். அப்புறம் அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டார்.

மண்டபம் சங்கத்துடையது. அந்தத் துண்டு ஓடியிருந்தால் பாதிப்பேர் எழும்பியிருப்பார்கள், மற்ற ஏழு கதையும் அதோடு போயிருக்கும். இதை இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லையே. எழும்புவார்கள் என்று முடிவெடுத்தது நான்தான். அக்காவிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 1995இல், அதே ஒக்டோபர் 30இல், நாங்களும் போரில் இடம்பெயர்ந்து, யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்தோம். மழை, சனநெரிசல், தோளில் தம்பி. பள்ளிவாசல்காரரோடு கூடிய முதல் கூட்டத்தில், உங்கள் வலி எங்களுக்கும் விளங்கும் என்று சொல்ல நான் எடுத்தது அந்தக் கதையைத்தான். அதை எந்த இடத்திலும் மூன்று நிமிடத்தில் நான் முடித்ததில்லை. அன்றைக்கு அக்காவும் அங்கே இருந்தார், முழுதையும் கேட்டார்.

வெட்டிய இடத்தில் அரைச் செக்கன் மிஞ்சி நின்றுவிட்டது. கை காதை நோக்கி எழும்புவது தெரியும். பஸ் கதையை ஒட்டி வருவதால், முக்காட்டைச் சரிசெய்கிறார் என்றுதான் படும். மண்டபத்தில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சரியாக அந்த இடத்தில் கண்ணைத் துடைத்தார்.