சிஜிஎல் ஆங்கிலம்: மரபுத்தொடரை வாக்கியத்தோடு படியுங்கள்

மத்திய அரசுப் பணிகளுக்குப் பட்டதாரிகள் எழுதும் சிஜிஎல் தேர்வின் முடிவுகள் வந்து, தேர்ச்சிப் பட்டியலில் என் பதிவெண்ணைப் பார்த்துவிட்ட நிம்மதியில் இதை எழுதுகிறேன். கணக்குக்கும் பொது அறிவுக்கும் வழிகாட்டுவோர் ஏராளம் என்பதால், இரண்டாம் கட்டத் தேர்வின் ஆங்கிலத்தில் வரும் மரபுத்தொடர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 45 கேள்விகளுக்கு 135 மதிப்பெண், ஒவ்வொரு தவறான விடைக்கும் 1 மதிப்பெண் கழிவு என்னும்போது, அரைகுறையாகத் தெரிந்த தொடரை ஊகித்துக் குறிப்பது ஆபத்து.

நான் படித்த பயிற்சி மையத்தில் இடப்பக்கம் தொடர், வலப்பக்கம் பொருள் என்று பக்கம் பக்கமாக அச்சிட்ட கையேட்டைக் கொடுத்துவிட்டு, ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம்கூடச் சொல்லித்தரவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. ஒரு தொடர் எந்த வினையோடு, எத்தகைய நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லும்போது வருகிறது என்பதை அறியாமல் பொருளை மட்டும் உருப்போடுவது வீண் உழைப்பு என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதையே எடுத்துக்கொள்வோம். மிக அரிதாக என்று பொருள். நாம் 'அத்தி பூத்தாற்போல்' என்கிறோமே, அதே இடம். 'ஹி கால்ஸ் ஹிஸ் மதர் ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்றால், மகன் தாயிடம் பேசுகிறான், ஆனால் எப்போதாவதுதான் பேசுகிறான். அரிதாகவேனும் திரும்பத் திரும்ப நிகழும் செயலுக்கே இது பொருந்தும். வாழ்நாளில் ஒரே முறை கிடைக்கும் வாய்ப்பை 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' என்றுதான் சொல்ல வேண்டும். விடைகளில் 'ஒருபோதும் இல்லை', 'மாதம் ஒருமுறை', 'எதிர்பாராமல்' ஆகியவை பக்கத்தில் நிற்கும்போது, இந்த ஒரு வாக்கியம் நினைவில் இருந்தால் மூன்றையும் தயங்காமல் தள்ளிவிடலாம்.

ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமிகள் வந்தால் இரண்டாவதை ப்ளூ மூன் என்பார்கள். 2023 ஆகஸ்ட் 31 அன்று வந்தது அப்படிப்பட்டதுதான். ஆனால் இந்த வரையறை 1946இல் ஓர் அமெரிக்க வானியல் இதழில் வெளியான கட்டுரையின் பிழையிலிருந்து பரவியது. தொடரோ 19ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. ஆகவே ப்ளூ மூன் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்ற கணக்கைத் தொடரின் பொருளில் ஏற்ற வேண்டாம்.

இதனோடு சேர்த்தே படிக்க வேண்டியவை:

ஓவர் தி மூன்: அளவில்லாத மகிழ்ச்சியில் இருப்பது.
அவுட் ஆஃப் தி ப்ளூ: சற்றும் எதிர்பாராமல்.
க்ரை ஃபார் தி மூன்: கிடைக்கவே கிடைக்காததைக் கேட்பது.
ஃப்யூ அண்ட் ஃபார் பிட்வீன்: இதுவும் அரிது என்பதையே சொல்கிறது, ஆனால் பெயர்ச்சொல்லைப் பற்றி. 'குட் ஜாப்ஸ் ஆர் ஃப்யூ அண்ட் ஃபார் பிட்வீன்' என்பதில் ப்ளூ மூனைப் போட்டால் வாக்கியம் நிற்காது. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் இந்த வேறுபாடு உதவும்.

நான் தனியாக அமர்ந்து, வாய்விட்டுப் படிக்கும் இயல்புடையவன். ஒவ்வொரு தொடருக்கும் எங்கள் வீட்டில் ஒருவரை வைத்து ஒரு வாக்கியம் எழுதி, மறுநாள் பொருளை மூடிவைத்துவிட்டு அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பார்ப்பேன். பழைய வினாத்தாள்களில் வந்த தொடர்களை முடித்த பிறகே புதியவற்றைத் தொடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். வங்கித் தேர்வின் விரித்து எழுதும் பகுதிக்கும் சேர்த்துப் படிப்பவர்கள், 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' பேச்சுநடைத் தொடர் என்பதை மனத்தில் வைத்து, மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் 'வெரி ரேர்லி' என்றே எழுதுங்கள்.