லாபக் கணக்கும் முதலாளியின் பயமும்

வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்தில் ஒரு நூற்பாலையின் கணக்கு ஒவ்வொரு ஆண்டும் என் மேசைக்கு வரும். முழுப் பங்கும் அண்ணன் தம்பி இருவர் பெயரில். லாபம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருக்கும், ஆனால் அன்றாடச் செலவுக்கு வங்கி கொடுக்கும் கேஷ் கிரெடிட் கடன் கணக்கோ எப்போதும் லிமிட்டை, அதாவது வங்கி வைத்த உச்சவரம்பை, தொட்டுக்கொண்டு நிற்கும். இயந்திரங்களின் மதிப்பு குறைவதைச் செலவாக எழுதும் தேய்மானத்தைப் போடும் முறையை மாற்றியிருப்பார்கள். வராது என்று ஊருக்கே தெரிந்த பாக்கிக்கு ஒதுக்கீடு இருக்காது. மார்ச் 31 அன்று பஞ்சு இருப்பின் மதிப்பு கூடியிருக்கும். எல்லாமே லாபத்தைக் கூட்டிக் காட்டுபவை, ஆனால் தனித்தனியாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் உண்டு.

"நஷ்டம் காட்டினா லிமிட்டக் குறைச்சிருவீங்க சார், அப்புறம் மில்ல எப்படி ஓட்டுறது?" என்றார் அண்ணன். அதில் நியாயமும் இருந்தது.

நிறுவனம் தங்கள் கையில் முழுதாக இருந்தால் முதலாளிகள் கணக்கில் கை வைக்கமாட்டார்கள் என்று ஒரு வாதம் உண்டு. இவர்கள் விஷயத்தில் அது எடுபடவில்லை. எதிர்முனையில் சத்யம் என்ற மென்பொருள் கம்பெனி. கணக்கை ஜோடித்ததை ஒப்புக்கொண்டு 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம் காரணத்தையே சொல்கிறது: கம்பெனியைத் தொடங்கி நடத்திய புரமோட்டர்களிடம் இருந்த பங்கு குறைவு, செயல்பாடு மோசம் என்று தெரிந்தால் வேறு யாராவது கம்பெனியைக் கைப்பற்றிவிடுவார்கள், கணக்கில் உள்ள ஓட்டை வெளியே வந்துவிடும். 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி ரூபாய், உண்மையில் 61 கோடி. ஆகவே, முதலாளியிடம் எத்தனை சதவீதப் பங்கு என்பதைவிட, உண்மை தெரிந்தால் அவருக்கு என்ன போகும் என்று கேட்பதே மேல் என்பது என் கட்சி.

கம்பெனி நொடிக்கும் நெருக்கடியை முன்கூட்டிச் சொல்ல அமெரிக்கப் பேராசிரியர் ஆல்ட்மன் 1968இல் தந்த இசட் ஸ்கோர் என்ற மதிப்பெண்ணை நாங்களும் போட்டுப் பார்ப்போம். 1.81க்குக் கீழே போனால் ஆபத்து. ஆனால் அதற்குள் போவதும் அதே லாபம், அதே சரக்கு இருப்புதானே! ஜோடித்த எண்ணைப் போட்டால் நிம்மதியான விடைதான் வரும்.

சத்யத்துக்குப் பிறகு புரமோட்டர்கள் அடகு வைத்த பங்குகளின் விவரத்தை வெளியிடுவதைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி கட்டாயமாக்கியது. பங்கு விலை விழுந்தால் அவர்களுக்கு என்ன போகும் என்பது அதில் தெரியும். ஆனால் அது பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு. அண்ணன் தம்பி மில்லுக்கு அப்படி எதுவும் கிடையாது. அங்கே நான் மின் கட்டண ரசீதைக் கேட்டு வாங்குவேன். நூல் நூற்க மின்சாரம் வேண்டுமே, கணக்கில் விற்பனை ஏறி ரசீதில் மின் யூனிட் இறங்கியிருந்தால் லிமிட்டைப் புதுப்பிக்கும் குறிப்பில் முதலில் அதைத்தான் எழுதுவேன்.