வாடாமல்லிப் பட்டு

"அந்தக் கலர் உனக்கு எடுக்காது." பர்கூரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிற்கும் பெண்ணிடம் அம்மா சொல்வார், அத்தை சொல்வார், சில நேரம் கூட வந்த தங்கையே சொல்வாள். பெண் மாநிறமாகவோ கருப்பாகவோ இருந்தால் ராணி பிங்க், மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் மடித்து ஓரமாகப் போய்விடும். சந்தனம், வெங்காயச் சருகு, காப்பிக்கொட்டை என்று அடக்கமான நிறங்கள் மேலே வரும். நானும் அவற்றைத்தான் எடுத்துப் போட்டேன். என் நிறமும் மாநிறம்தான். எங்கள் வீட்டிலும் இதைச் சொல்லித்தான் வளர்த்தார்கள்.

அந்தக் கடையில் மூத்த ஒரு அண்ணன் இருந்தார். வாங்க வந்தவர்கள் தயங்கினால் புடவையோடு அவர்களை வாசலுக்கு அழைத்துப் போவார். "டியூப்லைட்டுல பாக்காதீங்கம்மா, வெளிச்சத்துல பாருங்க" என்பார். உள்ளே மங்கித் தெரிந்த அரக்கு, வெளியே மாநிறத் தோளில் தணல் மாதிரி இருக்கும். மயில்கழுத்து நிறத்துக்கு நீள நூலான பாவு ஒரு நிறம், குறுக்கு நூலான ஊடை ஒரு நிறம். கை அசைந்தால் நீலம் பச்சையாகும். கருத்த தோளில் அது இன்னும் ஆழமாகத் தெரிந்ததை நான்கு வருடம் கண்ணால் பார்த்தேன். பார்த்தும், 'எடுக்காது' என்பதையே நம்பினேன்.

அப்புறம் அழகுக்கலைப் பயிற்சி முடித்துக் கிருஷ்ணகிரியில் ஒரு பார்லரில் சேர்ந்தேன். கல்யாண மேக்கப் என்றால் அங்கே முதல் கேள்வி, "ரெண்டு ஷேடு ஏத்திடுவீங்கல்ல?" ஏற்றினேன். முகத்துக்கு அடிப்பூச்சாகப் போடும் ஃபவுண்டேஷன் எங்கள் பெட்டியில் நாலைந்து இருந்தது, எல்லாமே வெளிர் நிறம்தான். ஒரு முகூர்த்தத்துக்கு விடியற்காலை 2 மணிக்கு உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குப் பூசினேன். மண்டபத்தில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் ஆல்பத்தோடு வந்தாள். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் முகம் திருநீறு பூசியது போல இருந்தது. கழுத்து ஒரு நிறம், கூப்பிய கை ஒரு நிறம். அவள் கோபப்படவில்லை. "அக்கா, கை என்னுது. முகம் யாருதுக்கா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்லிச் சமாளித்தேன் என்று நினைவில்லை. அந்தப் படம் மட்டும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் காரணத்தைத் தேடிப் படித்தேன். ஃபவுண்டேஷனிலும் பவுடரிலும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி கலப்பது வழக்கம். நம் தோலைவிட வெளிறிய ஷேடைப் பூசினால் பழுப்புத் தோல் வெளுப்பதில்லை, சாம்பல் பூத்துப்போகிறது. சாம்பல் பூத்த முகத்தில் எந்த நிறமும் ஒட்டாது. "லிப்ஸ்டிக் அடிக்குது" என்று நாங்கள் துடைத்துப் போட்ட சிவப்புகளில் பாதிக்கு மேல் லிப்ஸ்டிக்கின் குற்றமே இல்லை, அடியில் நான் போட்ட பூச்சின் குற்றம்.

இப்போது தாடை ஓரத்தில் மூன்று கோடு இழுப்பேன். பெண்ணை ஜன்னல் பக்கம் திருப்பி, எந்தக் கோடு தோலோடு கரைகிறதோ அதை எடுப்பேன். பர்கூர் அண்ணனின் வாசல் வெளிச்சம்தான் இது. கண்ணுக்குக் கீழே உள்ள கருமையில் நீலம் ஓடும். அங்கே கருமையை மறைக்கும் கன்சீலரை வெளிர் நிறத்தில் வைத்தால் மறுபடி சாம்பல். நீலத்தை அடக்கும் ஆரஞ்சுப் பூச்சான கரெக்டரை மெல்லிசாகத் தட்டினால் அடங்கிவிடும். உதட்டுக்கு நியூடு என்கிற வெளிறிய தோல் நிற லிப்ஸ்டிக் வேண்டாம், சுண்ணாம்பு தடவியது மாதிரி ஆகிவிடும். செங்கல் சிவப்பு, மாதுளை, நாவல்பழ நிறம் எல்லாம் நமக்கென்றே வந்தவை. 2017-இல் ஃபென்டி பியூட்டி என்ற வெளிநாட்டு மேக்கப் நிறுவனம் 40 ஷேடுகளில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்ததைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. நாங்கள் அப்போது இரண்டு பாட்டிலைப் புறங்கையில் கலந்து ஒரு நிறம் தேடிக்கொண்டிருந்தோம்.

நம் பேச்சில் வெளுத்த தோலுக்குப் பெயர் 'சிவப்பு'. "பொண்ணு நல்ல செவப்பு" என்கிறோம். அந்தச் சொல்லோடு சேர்த்துச் சிவப்புப் புடவையையும் சிவப்பு உதட்டையும் அவர்களுக்கே எழுதி வைத்துவிட்டோமோ என்று எனக்கு வருத்தமுண்டு. பார்லருக்கு வரும் ஒரு தமிழாசிரியை ஒருநாள் சொன்னார்: சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு மாமை என்று பெயர், அது மாந்தளிரின் நிறம். அவள் வெளிறினால் அதைப் பசலை என்றார்கள், பிரிவின் துயரம் என்றார்கள். மாந்தோப்பு சூழ்ந்த ஊரில் இருக்கிறோம். செம்பும் பழுப்புமாகத் துளிர் விட்ட மரத்தை எத்தனை முறை கடந்து போயிருப்பேன்! அதை யாரும் வெளுக்க நினைத்ததில்லை.

போன தை மாதம் காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணம். ஓசூரில் வேலை பார்க்கும் பெண்; முதல் சம்பளத்தில் வாங்கிய வாடாமல்லிப் பட்டை ஒரு தடவைகூடக் கட்டாமல் பீரோவில் வைத்திருந்தாள். வரவேற்புக்கு அம்மா எடுத்திருந்தது சந்தன நிறம். "வாடாமல்லி பாப்பாவுக்கு அடிக்கும்மா" என்றார். நான் வாதாடவில்லை. ஒத்திகை பார்க்க வந்த அன்று இரண்டு புடவையையும் கொண்டுவரச் சொன்னேன். அவள் நிறத்திலேயே முகத்தை முடித்து, நாவல்பழ லிப்ஸ்டிக் வைத்து, வாசலில் நிறுத்தி ஒவ்வொன்றாகத் தோளில் போட்டேன். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சந்தனப் புடவையை அவரே மடித்துப் பைக்குள் வைத்தார்.

வரவேற்பன்று மேடைக்குப் போகும் முன் பாட்டி வந்து பேத்தியின் கன்னத்தைத் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் போடலியா?" என்று என்னைக் கேட்டார். "போட்டிருக்கேன் பாட்டி" என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா மெதுவாக என் கையைப் பிடித்து, "சின்னவ இவளவிட ஒரு நிறம் கம்மி. அவளுக்கு என்ன கலர் எடுக்கலாம்?" என்றார்.